கேட்பதற்கு ஆள் வேண்டும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஹிரா குகையில் நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதலாக இறங்கிய கட்டளை, ஓதுமாறு ஏவிய கட்டளை என்பதை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. மீலாது மேடைகளில் கேட்டிருக்கிறோம். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களிலும் கேட்டிருக்கிறோம். ஆனால், அந்தக் கட்டளை இறங்கிய பிறகு ஓதுதல் எவ்வாறு நடந்தது, ஓதியதை உட்கார்ந்து கேட்டவர் யார் என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் நம் பிள்ளைகளை முன்னிறுத்தி, அதைப் பற்றியே இந்த மாதம் சில வார்த்தைகள் சொல்ல விழைகிறோம்.

மயிலாப்பூர்ப் பகுதியில் நாம் ஓதிக் கொடுக்கும் மக்தபுக்கு ஒரு தாயார் தம் மகனை அழைத்து வந்தார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன். யாஸீன் ஸூராவில் பாதியை மனப்பாடமாக ஓதுகிறான். ஆனால் தமிழ் வாசிக்க வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். அவனுடைய தமிழ்ப் புத்தகத்தை வாங்கி ஒரு பாடத்தைப் பிரித்துக் கொடுத்தோம். தங்கு தடையின்றிச் சொன்னான். பிறகு நடுவில் ஒரு சொல்லின் மீது விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டோம். வாய் திறக்கவில்லை. அவன் படிக்கவில்லை, வகுப்பில் பிறர் சொல்லக் கேட்டதை மனத்தில் பதித்துக்கொண்டு ஒப்பித்திருக்கிறான்!

அந்தத் தாயார் சொன்னார்கள்: "நான் அஞ்சாவதோட நின்னவ, ஹழ்ரத். அவங்க அத்தா தி.நகர்ல ஜவுளிக்கடையில இருக்காங்க; வீட்டுக்கு வர ராத்திரி பத்தாயிடும். டியூஷனுக்கு மாசா மாசம் பணம் கட்டுறோம். இதுக்கு மேல நாங்க என்ன செய்ய முடியும்?"

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வியன்று. அடையாறிலும் தியாகராய நகரிலும் மயிலையிலும் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் எத்தனையோ வீடுகளின் கேள்வி. எனவே இதற்கு மார்க்கத்திலிருந்தே விடை தேட வேண்டியது நம் கடமையாகிறது.

வீடு தேடி வந்த பாடம்

முதலில் நிலைமையைப் பார்ப்போம். கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள், தமிழகத்தில் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மீண்டும் திறக்கப்பட்டன. பத்தொன்பது மாதங்கள்! அ, ஆ எழுதிப் பழக வேண்டிய வயதில் பிள்ளைகள் கரும்பலகையையே காணாதிருந்தார்கள். இந்தியக் கிராமப்புறங்களில் 2022-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட 'அசர்' கல்விக் கணக்கெடுப்பின்படி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 43 பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. அதே கணக்கெடுப்பு 2018-இல் நடந்தபோது இந்த எண்ணிக்கை சுமார் 50. ஆகவே நோய்க்கு முன்பும் பாதிப் பிள்ளைகள் பின்தங்கித்தான் இருந்தார்கள். நோய் அதை இன்னும் மோசமாக்கியது.

தமிழக அரசு இதற்கு மருந்து தேடியது. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிழையின்றி வாசிக்கவும், அடிப்படைக் கணக்குகளைப் போடவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். பிள்ளைகளை வகுப்பைக் கொண்டு மட்டும் பார்க்காமல், அவரவர் கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படிகளாகப் பிரித்துப் பாடம் நடத்தினார்கள். சிறந்த முறைதான். ஆனால் அரசாங்கம் இல்லத்தைத் தேடி வாசல் வரைதான் வர முடியும். வாசலுக்கு உள்ளே இருப்பவர்கள் நாமல்லவா?

ஓதியதைக் கேட்டவர்கள்

இப்போது நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். ரமலான் மாதத்தின் ஒவ்வோர் இரவிலும் ஜிப்ரயீல் (அலை) அவர்கள் வந்து பெருமானாரோடு திருக்குர்ஆனைப் பாடம் பார்ப்பார்கள் என்று புகாரி ஷரீஃபில் காண்கிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்த ஆண்டில் அது இருமுறை நடந்தது. யாருடைய உள்ளத்தில் வேதத்தைச் சேர்த்து வைப்பது தன் பொறுப்பு என்று அல்லாஹ்வே வாக்களித்தானோ, அந்த நபிக்கும் ஓதிக் காட்டவும் கேட்கவும் ஒரு துணையை அனுப்பினான் என்றால், நம் வீட்டு ஏழு வயதுப் பிள்ளைக்குத் துணை வேண்டாமா?

மற்றொரு நிகழ்ச்சி. நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் தம் தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதிக் காட்டும்படி கேட்டார்கள். தங்களுக்கு அருளப்பட்டதைத் தங்களுக்கே நான் ஓதிக் காட்டுவதா என்று அவர் வியந்தார். பிறர் ஓதக் கேட்பது தமக்கு விருப்பம் என்று பெருமானார் விடையளித்தார்கள். அவர் நிஸா அத்தியாயத்தை ஓதி நாற்பத்தோராம் வசனத்தை அடைந்ததும் போதும் என்றார்கள். அவர் ஏறிட்டுப் பார்த்தபோது நாயகத்தின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

சகோதரிகளே! நம் நபி உம்மி நபி. எழுதப் படிக்க எவரிடமும் கற்காதவர்கள். அவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள், கண்கலங்கக் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நான் என் பிள்ளைக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்கும் தாய்க்கு இதைவிட ஆறுதலான விடை வேறென்ன இருக்கிறது? சொல்லிக் கொடுப்பதற்குத்தான் இலக்கணமும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். கேட்பதற்கு அன்பும் பொறுமையும் போதும். பிள்ளை வாசிக்கிறது, தாய் கேட்கிறாள். வாசித்து முடித்ததும், "என்ன கதை இது? எனக்குச் சொல்லு, பார்ப்போம்" என்கிறாள். அங்கே பிள்ளை தாய்க்கு உஸ்தாதாகிவிடுகிறது! தெரிந்ததைப் பிறருக்கு விளங்கச் சொல்லும்போதுதான் கல்வி உறுதிப்படுகிறது என்பதை அரபி மத்ரஸாவில் ஓதிய எவரும் அறிவர். இரவில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, அன்றைய பாடத்தை ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கும் 'தக்ரார்' இல்லாமல் எந்தக் கிதாபும் எவர் நெஞ்சிலும் தங்கியதில்லை.

கைப்பேசியைக் கையில் கொடுத்து, அதில் பாடம் ஓடுகிறது என்று திருப்தியடையும் பெற்றோர் இன்று பெருகிவிட்டார்கள். கைப்பேசி பேசும், பிள்ளை தடுமாறும் இடத்தில் அதன் முகத்தைப் பார்த்து, "பரவாயில்லை, மறுபடி சொல்லு கண்ணே" என்று தட்டிக் கொடுக்குமா?

கால் மணி நேரம் போதும்

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே கால் மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, கொஞ்சமாக இருந்தாலும் விடாமல் செய்யப்படுவதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். குர்ஆனை மனனம் செய்தவரைக் கட்டிப் போட்ட ஒட்டகத்தின் சொந்தக்காரருக்கு அவர்கள் உவமித்தார்கள். கவனித்துக்கொண்டிருந்தால் ஒட்டகம் நிற்கும். அவிழ்த்து விட்டால் ஓடிவிடும். அ, ஆவும் அப்படித்தான், வாய்ப்பாடும் அப்படித்தான். பரீட்சைக்கு முதல் நாள் நான்கு மணி நேரம் உட்கார வைத்து அடிப்பதைவிட, நாள்தோறும் கால் மணி நேரம் மேலானது.

அந்தக் கால் மணியை எப்படிப் பிரிப்பது? ஹிஃப்ழு மத்ரஸாக்களின் வழியைப் பின்பற்றலாம். அங்கே அன்றைய புதுப்பாடமாகிய சபக் ஒரு பங்கு. அண்மையில் ஓதிய பாடங்கள் ஒரு பங்கு. முன்பு முடித்தவற்றைத் திரும்ப ஓதும் தவ்ர் ஒரு பங்கு. வீட்டிலும் அவ்வாறே ஐந்து நிமிடம் இன்றைய பாடம். ஐந்து நிமிடம் நேற்றைய பாடம். ஐந்து நிமிடம் போன வாரப் பாடம். புதியதிலேயே ஓடிக்கொண்டிருந்தால் பழையது கரைந்துவிடும்.

வாசிக்கும்போது மக்தபில் நாம் செய்வதையே நீங்களும் செய்யுங்கள். காயிதா ஓதும் பிள்ளை வரிசையாகச் சொல்லிவிட்டால் நாம் விட்டுவிடுவதில்லை. வரிசையைக் கலைத்து, கீழிருந்து மேலாகவும் நடுவிலிருந்தும் எழுத்தைக் காட்டிக் கேட்போம். தமிழ்ப் புத்தகத்திலும் கேளுங்கள். "இந்தப் பக்கத்தில் 'மரம்' என்ற சொல் எங்கே இருக்கிறது, விரலை வைத்துக் காட்டு" என்று சொல்லுங்கள். சரியாகக் காட்டியதா என்று உங்களுக்கே ஐயமாக இருந்தால், வேறு பக்கத்திலும் அதே சொல்லைத் தேடச் சொல்லி, இரண்டின் வடிவமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இதற்குப் படிப்பு தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மனத்துக்குள் ஒரு ஸலவாத்து ஓதும் நேரம் பொறுத்திருங்கள். பெரும்பாலும் அதற்குள் பிள்ளையே எழுத்துக்கூட்டிச் சொல்லிவிடும். நாயகம் (ஸல்) அவர்கள் கேட்போருக்கு விளங்கும் பொருட்டு ஒரு வார்த்தையை மும்முறை திரும்பச் சொல்வார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். திக்கித் திணறிச் சிரமத்தோடு குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற நற்செய்தியும் ஆதாரப்பூர்வமான ஹதீஸில் வந்துள்ளது. திக்குவதை அல்லாஹ் குற்றமாகக் கணக்கிடவில்லை, கூலியாகக் கணக்கிடுகிறான். நாம் மட்டும், "இத்தனை பணம் கட்டியும் இது கூடத் தெரியவில்லையா, மக்கு!" என்று ஏசுவது எந்த நியாயம்?

எண்ணும் தொழுகையும்

கணக்குக்கு வேறு புத்தகம் தேட வேண்டியதில்லை. ஒரு நாளின் ஃபர்ளான ரக்அத்துகள் எத்தனை என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள். இரண்டு, நான்கு, நான்கு, மூன்று, நான்கு, கூட்டினால் 17. மூத்த பிள்ளையிடம் ஒரு வாரத்துக்குக் கேளுங்கள். 119 என்று சொல்லும். "அப்படியானால் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுத அத்தாவுக்கு 117 தானே வரும், அது எப்படி?" என்று ஒரு முடிச்சுப் போடுங்கள். பிள்ளை யோசித்து அவிழ்க்கட்டும். இரவு படுக்கும் முன் ஓதும்படி ஃபாத்திமா நாயகி (ரலி) அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கப்பட்ட தஸ்பீஹில் 33, 33, 34 ஏன் என்று கேளுங்கள். கூட்டிப் பார்த்து நூறு என்று குதூகலிக்கும். நோன்பு திறக்கும்போது பன்னிரண்டு பேரீச்சம் பழங்களை நால்வருக்குப் பங்கிடச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்பில் பின்னங்களுக்கு அஞ்சும் பிள்ளையிடம், திருமறை வாரிசுகளுக்கு விதித்த பாகங்களே பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்ற பின்னங்கள்தாம் என்று சொல்லுங்கள். ஜகாத்தோ நாற்பதில் ஒன்று! கணக்கு தீனுக்கு அந்நியமானதன்று.

வெளியே போகும்போதும் பாடம் உண்டு. பஸ் நிறுத்தத்தில் 29சி வண்டி வந்தால் அதன் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பிள்ளை வாசித்துச் சொல்லட்டும். தியாகராய நகருக்குத் துணி வாங்கப் போனால், உஸ்மான் சாலைப் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். 1934-இல் சென்னை மாகாணத்தின் கவர்னர் பொறுப்பைத் தற்காலிகமாக வகித்த சர் முஹம்மது உஸ்மான் அவர்களின் பெயர் அது என்று சொல்லிக் கொடுங்கள். அங்கேயே ஹபீபுல்லா சாலையும் இருக்கிறது. வைஸ்ராயின் நிர்வாக சபையில் அங்கம் வகித்த சர் முஹம்மது ஹபீபுல்லா அவர்களின் பெயரால் அமைந்தது. நம் பெயரைத் தெருவில் எழுதி வைத்திருக்க, அதை வாசிக்கத் தெரியாத பிள்ளையாக நம் பிள்ளை வளரலாமா?

அக்காவும் உஸ்தாதுதான்

தாய்க்கு வேலை, தந்தை வர நேரமாகும் என்றால் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கேட்கட்டும். இது நம் மண்ணிலேயே பிறந்த வழி. 1789-ஆம் ஆண்டு எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான இல்லத்தை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் நடத்தி வந்தார். இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்திலும் கொண்டுவர விரும்பினார். ஆசிரியர்கள் மனம் ஒப்பவில்லை. உடனே எட்டு வயது மாணவன் ஒருவனை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்கள் தயங்கியதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான்! 1797-இல் பெல் லண்டனில் இதை நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் பள்ளிகளிலெல்லாம் பரவியது. பின்னர் 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், சொரசொரப்பான எழுத்துகளைப் பிள்ளை விரலால் தடவிப் பழகும் முறையையே கையாண்டார். ஒரு தட்டில் கொஞ்சம் அரிசி மாவையோ மணலையோ பரப்பிக் கொடுத்தால் நம் வீட்டிலும் அது நடக்கும், காசு செலவில்லை.

பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் மீட்புத் தொகை கட்ட வழியில்லாத, எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் பத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று ஹிஜ்ரி 2-இல் பெருமானார் (ஸல்) ஏற்பாடு செய்தார்கள். அவ்வாறு எழுதக் கற்ற அன்ஸாரிச் சிறுவர்களில் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என்று இப்னு ஸஅத் எழுதுகிறார்கள். பிற்காலத்தில் குர்ஆனை ஒன்று திரட்டும் பெரும்பணி அந்தக் கைகளில்தான் ஒப்படைக்கப்பட்டது. எந்தப் பிள்ளையின் விரலில் அல்லாஹ் எதை வைத்திருக்கிறான் என்று நமக்கென்ன தெரியும்?

இவ்விடத்தில் ஒன்றை வருத்தத்தோடு சொல்லியாக வேண்டும். மகன் புத்தகத்தோடு உட்காரும் அந்தக் கால் மணி நேரத்தில் மகள் சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நாளை தாயாகி, தன் பிள்ளை வாசிப்பதைக் கேட்கப் போகிறவள் அவள். ராயப்பேட்டையில் 1951-இல் புதுக் கல்லூரியை நம் பெரியோர் எழுப்பினார்கள். 1955-இல் நீதிபதி பஷீர் அஹமது சயீத் அவர்கள் தேனாம்பேட்டையில் பெண்களுக்கென்றே கல்லூரி கண்டார்கள். அந்த வாசல்களுக்குள் நம் மகள் நுழைய வேண்டுமானால், அவளுக்கும் ஒன்றாம் வகுப்பிலேயே கேட்பதற்கு ஆள் வேண்டும்.

அடிக்கும் கை

ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொன்ன மார்க்கம், கண்டிப்பைப் பற்றிப் பேசுவது பத்து வயதில்தான். இடையில் மூன்று ஆண்டுகள். சந்திர வருடத்துக்கு 354 நாள், நாளொன்றுக்கு ஐந்து வேளை என்று கணக்கிட்டால் 5,310 முறை! அத்தனை முறை அன்பாகச் சொல்லிப் பழக்கிய பிறகே கண்டிப்பு என்ற பேச்சு வருகிறது. தொழுகைக்கே இத்தனை அவகாசம் என்றால், ஒரு கழித்தல் கணக்குக்கு இரண்டாம் முறையிலேயே கை ஓங்குவதா? பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், நாயகம் (ஸல்) தம்மை ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை என்று அறிவிக்கிறார்கள். சிறுவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை மார்போடு அணைத்து, வேத ஞானம் வேண்டிப் பெருமானார் துஆச் செய்தார்கள். பாடம் முடிந்ததும் பிள்ளையின் தலையைத் தடவி ஒரு துஆச் செய்யுங்கள். மறுநாள் அந்தப் பிள்ளை தானாகவே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரும்.

மஹல்லா ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். கேட்பதற்கு ஆளே இல்லாத வீடுகளும் உண்டு. மஸ்ஜிதுன் நபவியில் கற்பதற்கென்றே ஸுஃப்ஃபா என்ற நிழற்கூடம் இருந்தது. நம் பள்ளிவாசல்களின் வராந்தாக்கள் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பெரும்பாலும் காலியாகவே இருக்கின்றன. ஓய்வு பெற்ற பெரியவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஆளுக்கு இரு சிறுவர்களை உட்கார வைத்துத் தமிழ் வாசிக்கக் கேட்டால், அந்த வராந்தாவும் ஒரு ஸுஃப்ஃபாவாகும்.

பெற்றோரே! நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர். நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாளை மறுமையில் விசாரிக்கப்படுவோம். கட்டிய பணத்தின் ரசீதை அங்கே காட்ட முடியாது. இன்று மஃரிப் தொழுதுவிட்டு, பிள்ளையை அருகில் அழைத்து, "வாசி மகனே, வாசி மகளே, நான் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ரப்பே! எங்கள் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், எங்களுக்கு அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையையும் தந்தருள்வாயாக! அவர்களை எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!